இடஒதுக்கீடு: கட்-ஆஃப் சொல்லாத கணக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிச் சேர்க்கையில் இடஒதுக்கீடு நியாயமா என்று உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் நடக்கும் வாதத்தைப் படித்துவருகிறோம். எதிர்த்து எழுதுபவர்கள் இரண்டு விஷயங்களையே சுற்றிச் சுற்றி வருகிறார்கள். அமெரிக்காவே கைவிட்ட ஏற்பாடு நமக்கு எதற்கு என்பது ஒன்று. ஒரே கல்லூரியின் ஓ.சி. (பொதுப் போட்டி) கட்-ஆஃபையும் எஸ்.சி. கட்-ஆஃபையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டி, இது அடுக்குமா என்று கேட்பது இன்னொன்று. ஆதரிப்பவர்களோ நூறாண்டு வரலாற்றைச் சொல்லிவிட்டு அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஒரு சீட் எந்த வரிசையில், எந்தப் பட்டியலிலிருந்து நிரப்பப்படுகிறது என்பதை இரு தரப்பும் தொடவில்லை. பிள்ளைகளுக்கு நடக்கும் நியாயமும் அநியாயமும் பெரும்பாலும் அங்கேதான் தீர்மானமாகின்றன. அதனால் இந்தக் கடிதம் சற்று நீளும், பொறுத்தருள வேண்டும்.

முதலில் அமெரிக்கா. 2023 ஜூன் 29 அன்று ஹார்வர்டு, வட கரோலைனா பல்கலைக்கழக வழக்குகளில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தடுத்தது, விண்ணப்பிப்பவரின் இனத்தைச் சேர்க்கையில் ஓர் அம்சமாகப் பார்ப்பதை. இன்னாருக்கு இத்தனை இடம் என்று ஒதுக்கிவைக்கும் முறை அங்கே 1978-லேயே போய்விட்டது. கலிஃபோர்னியாவின் டேவிஸ் மருத்துவக் கல்லூரி 100 இடங்களில் 16-ஐ ஒதுக்கிவைத்ததை பாக்கி (Bakke) என்பவர் தொடுத்த வழக்கில் அப்போதே ரத்து செய்தார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகம் 150 புள்ளி அளவுகோலில் சிறுபான்மை இனத்தவருக்கு 20 புள்ளி கொடுத்ததும் 2003-ல் செல்லாமல் போனது. பிறகு மிஞ்சியது, கட்டுரை, பரிந்துரைக் கடிதம், விளையாட்டு, குணநலன் எல்லாவற்றையும் மொத்தமாகப் பார்த்து ஒரு குழு தீர்மானிக்கும் முறை. பழைய மாணவரின் பிள்ளைக்கும் நன்கொடை தந்தவரின் பிள்ளைக்கும் காட்டப்படும் சலுகையில் 2023 தீர்ப்பு கைவைக்கவில்லை. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்விலோ எந்த ரேங்குக்கு எந்தக் கல்லூரி, எந்தப் பாடப்பிரிவு, எந்தப் பிரிவின்கீழ் என்று ஒதுக்கீட்டுப் பட்டியலே வெளியாகிறது. அங்கே விழுந்தது வேறு பொருள், இங்கே நிற்பது வேறு பொருள்.

நம் அரசமைப்பில் இதற்கான அதிகாரம் வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கிறது. அது வந்ததும் சென்னை மாகாணத்தால்தான். ஒவ்வொரு 14 இடத்தையும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறித்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பிரித்த வகுப்புவாரி அரசாணையை 1951 ஏப்ரலில் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அதே ஆண்டு முதலாவது அரசமைப்புத் திருத்தம் 15(4) பிரிவைச் சேர்த்தது. அந்தப் பழைய ஆணையில் எல்லா இடமும் ஏதோ ஒரு வகுப்புக்குச் சொந்தம். பொதுப் போட்டி என்று ஓர் இடமும் கிடையாது. இன்றைய முறைக்கும் அதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இது. ஆனால் இன்றும் பலர் அந்தப் பழைய ஆணையை மனத்தில் வைத்துக்கொண்டே பேசுகிறார்கள். '31 சதவீதம் முன்னேறிய சாதியினருக்கு' என்று படித்தவர்கள்கூடச் சொல்கிறார்கள். 69 சதவீத ஒதுக்கீடு போக மிஞ்சும் இந்த 31 சதவீதம் யாருக்கும் சொந்தமில்லை. அது பொதுப் போட்டி. எந்தச் சாதி மாணவரும் ரேங்கின்படி வரலாம். பொதுப் பிரிவு எல்லாருக்கும் திறந்தது என்பதை 2020 டிசம்பரில் சௌரவ் யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். 10 இடங்கள், அதில் 5 பொதுப் போட்டி, 5 ஒதுக்கீடு. தரவரிசையில் 1, 3, 4, 6, 8, 9, 11, 13 ஆகிய ரேங்குகளில் இருப்பவர்கள் ஒதுக்கீட்டுக்கு உரியவர்கள் என்று வைத்துக்கொள்வோம். சட்டப்படி பொதுப் போட்டி இடங்களை முதலில் நிரப்ப வேண்டும்: ரேங்க் 1 முதல் 5 வரை, சாதி பார்க்காமல். அடுத்து ஒதுக்கீட்டு இடங்களுக்கு 6, 8, 9, 11, 13. மொத்தம் ஒதுக்கீட்டுப் பிரிவினர் 8 பேர், மற்றவர்கள் 2 பேர். இப்போது வரிசையைத் திருப்பிப் போடுங்கள். ஒதுக்கீடு முதலில் என்றால் 1, 3, 4, 6, 8 அதில் போய்விடுவார்கள். பொதுப் போட்டிக்கு மீதமிருப்பவர்கள் 2, 5, 7, 9, 10. ஒதுக்கீட்டுப் பிரிவினர் 6 பேர், மற்றவர்கள் 4 பேர். சதவீதத்தில் ஒரு புள்ளியும் மாறவில்லை; நிரப்பும் வரிசை மட்டும் மாறியதில் இரண்டு பிள்ளைகள் வெளியே போய்விட்டார்கள்.

11-ம் 13-ம் போய் 7-ம் 10-ம் வந்தால் தகுதி உயர்ந்ததுதானே என்று ஒருவர் கேட்கலாம். அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் அப்படி நிரப்பினால் ஒதுக்கீடு குறைந்தபட்ச உத்தரவாதமாக இருக்காது, உச்சவரம்பாகிவிடும். நன்றாகப் படித்த பி.சி. மாணவரை அவருடைய சொந்த ரேங்கில் உள்ளே விடாமல், ஒதுக்கீட்டுப் பெட்டிக்குள் தள்ளி அடைப்பதாகிவிடும். அப்புறம் 'அவர்கள் ஒதுக்கீட்டில் வந்தவர்கள்' என்ற பேச்சும் அதன்மேல் ஏறும்.

அடுத்து, பின்னங்களின் பாடு. தமிழ்நாட்டில் பொதுப் போட்டி 31, பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. மற்றும் சீர்மரபினர் 20, எஸ்.சி. 15, அருந்ததியர் 3, எஸ்.டி. 1 சதவீதம். அரசுக் கல்லூரியில் 60 இடமுள்ள ஒரு பாடப்பிரிவில் இது முறையே 18.6, 15.9, 2.1, 12, 9, 1.8, 0.6 என்று வரும். முழு எண்களை மட்டும் கூட்டினால் 57. மீதி 3 இடம் யாருக்கு? பெரிய பின்னத்துக்கு முதலிடம் என்றால் பி.சி.க்கு ஒன்று, அருந்ததியருக்கு ஒன்று போகும். கடைசி ஓர் இடத்துக்குப் பொதுப் போட்டியின் 0.6-ம் எஸ்.டி.யின் 0.6-ம் சரிசமமாக வந்து நிற்கும். வழக்கமான முறையில் முழு எண்ணாக்கினால் 61 இடம் வந்துவிடும்! இதற்குத்தான் 200 புள்ளி ரோஸ்டர் என்னும் சுழற்சிப் பட்டியல். 200 இடத்தில் பொது 62, பி.சி. 53, முஸ்லிம் 7, எம்.பி.சி. 40, எஸ்.சி. 30, அருந்ததியர் 6, எஸ்.டி. 2 என்று பின்னமே இல்லாமல் பிரியும். இந்த ஆண்டு எந்தப் புள்ளியில் நின்றோமோ, அடுத்த ஆண்டு அதற்கு அடுத்த புள்ளியிலிருந்து தொடங்க வேண்டும்.

எங்கே கெடுகிறது என்றால், ஆண்டுதோறும் முதல் புள்ளியிலிருந்தே மறுபடி தொடங்கும்போது. பெரிய பொறியியல் கல்லூரிகளில் இதன் பாதிப்பு குறைவு. 10 இடமுள்ள எம்.எஸ்சி. வகுப்பையோ, ஆண்டுக்கு மூன்று நான்கு பேரைச் சேர்க்கும் ஆய்வுப் படிப்பையோ பாருங்கள். 10 இடத்தில் 200 புள்ளியைச் சுற்றி முடிக்க 20 ஆண்டு ஆகும். எஸ்.டி.க்குச் சராசரியாக 10 ஆண்டுக்கு ஓர் இடம். ஒவ்வொரு ஆண்டும் முதலிலிருந்து தொடங்கினால் அந்தப் புள்ளி வரவே வராது. கோப்பில் ஒதுக்கீடு இருக்கும், வகுப்பில் இருக்காது. ஒரே சாளரக் கலந்தாய்வு உள்ள பொறியியலை எல்லாரும் உற்றுப் பார்க்கிறார்கள். கல்லூரி அளவிலேயே தரவரிசை போட்டுச் சேர்க்கும் கலை, அறிவியல் படிப்புகளை யாரும் பார்ப்பதில்லை. மாநிலத்தின் பெரும்பாலான முதல் தலைமுறைப் பிள்ளைகள் போய்ச் சேரும் இடம் அதுதான்.

கட்-ஆஃபுக்கு வருவோம். பொறியியலில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200-க்குக் கணக்கிடுவது எல்லாரும் அறிந்தது. ஒரு பிரிவின் கட்-ஆஃப் என்று நாளிதழ்களில் வருவது, அந்தப் பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவரின் மதிப்பெண். சராசரி கிடையாது, தகுதி வரம்பும் கிடையாது. 60 இடத்தில் எஸ்.டி.க்கு ஓர் இடம் என்றால், முதலில் சேர்பவரும் அவரே, கடைசியில் சேர்பவரும் அவரே. மேல் ரேங்கில் உள்ள எஸ்.டி. மாணவி வேறு கல்லூரியை விரும்பினால், இங்கே பத்து இருபது மதிப்பெண் குறைந்த ஒருவர் வருவார். அடுத்த ஆண்டு அந்த எண் தலைகீழாகும். அந்த ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு ஒரு சமூகத்தின் தரத்தைப் பேசுவது புள்ளியியல் தெரிந்தவர் செய்கிற காரியமில்லை. பெரும்பான்மையினர் வரும் பி.சி. பிரிவில், முன்னணிக் கல்லூரிகளின் முக்கியப் பாடப்பிரிவுகளில், ஓ.சி. கட்-ஆஃபுக்கும் பி.சி. கட்-ஆஃபுக்கும் ஓரிரு மதிப்பெண்தான் இடைவெளி. வாதத்தில் அந்த எண்ணை யாரும் எடுத்துக்காட்டுவதில்லை.

அந்த ஓரிரு மதிப்பெண்ணுக்கும் எவ்வளவு கனம் கொடுக்கலாம்? ஒரே கட்-ஆஃபில் நூற்றுக்கணக்கானவர்கள் நிற்பதால்தான் சமநிலை உடைக்கும் விதிகள் இருக்கின்றன: கணித மதிப்பெண், இயற்பியல் மதிப்பெண், விருப்பப் பாட மதிப்பெண், பிளஸ் 2 மொத்தம், 10-ஆம் வகுப்பு மொத்தம், அதிலும் தீராவிட்டால் வயதில் மூத்தவர், கடைசியில் கணினி தரும் ரேண்டம் எண். பிறந்த தேதியும் ரேண்டம் எண்ணும் ஒருவரை ஒரு கல்லூரிக்கும் மற்றவரை இன்னொரு கல்லூரிக்கும் அனுப்புவதை யாரும் அநியாயம் என்று எழுதியதாகத் தெரியவில்லை. எழுத வேண்டும் என்றும் நாங்கள் சொல்லவில்லை. ஏதோ ஒரு விதி வேண்டும்தான். போட்டித் தேர்வு மதிப்பெண் ஒருவருக்கு வாய்த்த சமூக, பொருளாதார வசதிகளையும் சேர்த்தே காட்டுகிறது என்று 2022 ஜனவரியில் அகில இந்திய மருத்துவ இடங்களில் ஓ.பி.சி. ஒதுக்கீட்டை உறுதிசெய்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான்.

மதிப்பெண் எதை அளக்கிறது என்பதற்கு நம் கண்முன்னே நடந்த சான்று அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. 2017-ல் நீட் வந்த பிறகு எம்.பி.பி.எஸ். இடம் பெற்ற அரசுப் பள்ளி மாணவர்களை விரல்விட்டு எண்ணலாம். நீதியரசர் கலையரசன் ஆணையப் பரிந்துரையின் பேரில் 2020-ல் சட்டம் வந்தது. முதல் ஆண்டிலேயே 300-க்கும் மேற்பட்ட எம்.பி.பி.எஸ். இடங்கள் அவர்களுக்குக் கிடைத்தன. 2021-ல் நீதியரசர் முருகேசன் ஆணையப் பரிந்துரைப்படி பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் நீட்டித்தார்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டப்படி 8-ஆம் வகுப்புவரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு மீதியை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும் உண்டு. அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கு இல்லை. கிராமங்களில் பக்கத்தில் இருக்கிற ஒரே மேல்நிலைப் பள்ளி உதவிபெறும் பள்ளியாக இருந்தால் அந்தப் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்ற கேள்விக்கு இன்னும் பதில் இல்லை.

7.5 சதவீத ஏற்பாட்டில் இரண்டு சிக்கல்களை அரசு கவனிக்க வேண்டும். இது குறுக்குவாட்டு ஒதுக்கீடு, ஓ.சி. தொடங்கி எஸ்.டி. வரை ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் 7.5 சதவீதம் எடுக்கப்படுகிறது. எஸ்.டி.யின் 1 சதவீதத்தில் 7.5 சதவீதம் என்றால் 0.075, ஏறத்தாழ 1,333 இடத்துக்கு ஒன்று. கல்லூரி வாரியாகக் கணக்கிட்டால் அது எங்கும் முழு எண்ணாகாது. மாநிலம் முழுவதையும் ஒரே தொகுப்பாக வைத்துக் கணக்கிட்டுப் பிறகு கல்லூரிகளுக்குப் பிரித்தால்தான் அந்த இடம் உயிரோடு இருக்கும்.

இரண்டாவது, கட்டணம். 7.5-ல் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது, நல்ல காரியம். ஆனால் சலுகை சீட்டோடு ஒட்டியிருக்கிறது, மாணவரோடு ஒட்டவில்லை. நல்ல ரேங்க் எடுத்த அரசுப் பள்ளி மாணவி பொதுத் தரவரிசையிலேயே அதே கல்லூரியைப் பெற முடியும் என்றாலும், செலவை நினைத்து 7.5 இடத்தையே எடுப்பார். அவரைக் குறைசொல்ல முடியுமா? ஆனால் அவர் எடுத்த அந்த இடத்தை இன்னொரு அரசுப் பள்ளி மாணவர் இழக்கிறார். மேலே சொன்ன 10 இடக் கணக்கில் வரிசையைத் திருப்பிப் போட்டால் என்ன ஆனதோ அதுவேதான் இங்கும் ஆகிறது, சட்டம் மாறாமலே. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர் எந்த வழியில் சேர்ந்தாலும் கட்டணச் சலுகை உண்டு என்று ஓர் அரசாணை போட்டால் இது தீர்ந்துவிடும். மத்தியப் பிரதேசத்தில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான எம்.பி.பி.எஸ். உள் ஒதுக்கீட்டின் பொதுப் பிரிவு இடங்களை ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்குத் தராமல் வைத்திருந்ததை 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தவறு என்றது. குறுக்குவாட்டு ஒதுக்கீட்டிலும் பொது என்பது பொதுதான் என்ற அந்தத் தீர்ப்பை நம் அலுவலர்களும் ஒருமுறை படித்துவைப்பது நல்லது.

தனியார் கல்லூரிகளைப் பற்றி எழுதாமல் நியாயம் பேசுவது அரைப் பேச்சு. சிறுபான்மை அல்லாத தனியார் பொறியியல் கல்லூரிகள் 65 சதவீத இடங்களையும், சிறுபான்மைக் கல்லூரிகள் 50 சதவீத இடங்களையும் கலந்தாய்வுக்குத் தருகின்றன. 65-ல் 69 சதவீதம் என்றால் 44.85. சிறுபான்மைக் கல்லூரியில் 34.5. நாடறிந்த '69' என்பது அரசு, பல்கலைக்கழகக் கல்லூரிகளில் மட்டுமே முழுமையாகப் பொருந்தும் எண். தனியார் கல்லூரியில் ரேங்கால் மட்டும் வரும் பொதுப் போட்டி இடம் சுமார் 20 சதவீதம். மேனேஜ்மென்ட் கோட்டாவோ 35. அந்த 35-க்குப் போக கணிதம், இயற்பியல், வேதியியலில் பொதுப் பிரிவினருக்கு 45 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம் இருந்தால் போதும். அங்கே கடைசியாகச் சேர்ந்தவரின் மதிப்பெண் என்ன என்று எந்த நாளிதழிலும் அட்டவணை வருவதில்லை. தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் மாநில ஒதுக்கீடே கிடையாது. 15(5) பிரிவு 2006 முதல் நடைமுறையில் இருக்கிறது. உதவிபெறாத தனியார் நிறுவனங்களிலும் ஒதுக்கீடு தரலாம் என்பதை 2014-ல் பிரமதி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றும் ஆயிற்று. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கு அதற்கான சட்டம் போடுவதுதான் பாக்கி. மருத்துவத்தில் என்.ஆர்.ஐ. இடங்கள் தனிக் கதை. தூரத்து உறவினரையும் என்.ஆர்.ஐ. கணக்கில் சேர்த்துக்கொள்ளப் பார்த்த பஞ்சாப் அரசின் மனுவை 2024 செப்டம்பரில் தள்ளிய உச்ச நீதிமன்றம் அதை மோசடி என்றே சொன்னது. தகுதி பற்றிக் கவலைப்படுகிறவர்கள் இந்தப் பக்கமும் ஒரு கடிதம் எழுதலாம்.

வசதியானவர்களே ஒதுக்கீட்டை அனுபவிக்கிறார்கள், கிரீமி லேயர் (வசதியானவர்களை வரம்பு வைத்து விலக்கும் ஏற்பாடு) வேண்டும் என்று சிலர் எழுதியிருந்தார்கள். இந்தக் குறையில் உண்மை இருக்கிறது. பி.சி. பிரிவின் நல்ல இடங்களில் நகரத்துத் தனியார் பள்ளிப் பிள்ளைகள் நிறைந்திருப்பதை மறைத்துப் பயனில்லை. ஆனால் கிரீமி லேயர் அதற்கு மருந்தா என்பதில்தான் எங்களுக்கு ஐயம். மத்திய அரசின் ஓ.பி.சி. கணக்கில் 8 லட்சம் ரூபாய் வரம்பைப் பார்க்கும்போது சம்பளமும் விவசாய வருமானமும் சேர்க்கப்படுவதில்லை. பெற்றோரின் பதவி நிலை தனியே பார்க்கப்படுகிறது. பொருளாதாரத்தில் நலிந்த பொதுப் பிரிவினருக்கான 10 சதவீதத்திலோ அதே 8 லட்சத்தில் எல்லா வருமானமும் சேரும். 5 ஏக்கர் விளைநிலம், 1,000 சதுர அடி வீடு என்று சொத்து வரம்பும் உண்டு. ஒரே எண், இரண்டு வேறு அளவுகோல். வருமானச் சான்றை எப்படி வேண்டுமானாலும் வாங்கலாம் என்பது தாலுகா அலுவலகம் போனவர்களுக்குத் தெரியும். 1979-ல் எம்.ஜி.ஆர். அரசு கொண்டுவந்த 9,000 ரூபாய் வருமான வரம்பு மறுஆண்டே திரும்பப் பெறப்பட்டதும் நினைவிருக்கும். ஏழு ஆண்டு எந்தப் பள்ளியில் படித்தார் என்பதை அவ்வளவு எளிதில் போலியாகக் காட்ட முடியாது. ஆகவே உள்ளுக்குள் பின்தங்கியவரைத் தூக்கிவிட, வருமானத்தைவிடப் பள்ளி நல்ல அளவுகோல் என்பது எங்கள் முடிவு. பிரிவுக்குள் உள்பிரிவு செய்வதும் அப்படியே. 2009-ல் அருந்ததியருக்குத் தந்த 3 சதவீதம், எஸ்.சி. உள்பிரிவு செல்லும் என்ற 2024 ஆகஸ்ட் தீர்ப்பால் உறுதிப்பட்டுவிட்டது. எம்.பி.சி.க்குள் வன்னியருக்குத் தந்த 10.5 சதவீதம் 2022 மார்ச்சில் விழுந்ததற்குக் காரணம் உள்பிரிவு என்ற கருத்தே தவறு என்பதல்ல. அதைத் தாங்கும் புள்ளிவிவரம் கையில் இல்லாததுதான்.

விதிகள் சரியாக இருந்தும் சான்றிதழில் கோட்டைவிடுபவர்கள் ஏராளம். ஐ.ஐ.டி., என்.ஐ.டி. சேர்க்கைக்கு மாநில அரசின் பி.சி. அல்லது எம்.பி.சி. சான்றிதழ் செல்லாது. மத்திய அரசின் படிவத்தில் கிரீமி லேயர் அல்லாத ஓ.பி.சி. சான்று வேண்டும், அதுவும் சேர்க்கை ஆண்டின் ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். பழைய சான்றைப் பதிவேற்றினால் பொதுப் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள், 27 சதவீதம் கண்முன்னே போகும். எஸ்.டி. சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது. வருவாய்க் கோட்டாட்சியர்தான் தர வேண்டும், நேரடி விசாரணையும் உண்டு. பிளஸ் 2 முடிவு வந்த பிறகு மனு கொடுத்தால் கலந்தாய்வு முடிந்த பிறகே கைக்கு வரும். 9-ஆம் வகுப்பிலேயே தொடங்கிவிடுவது நல்லது. சாதிச் சான்றுக்குக் காலாவதி இல்லை, வருமானச் சான்றுக்கு உண்டு. முதல் பட்டதாரிச் சலுகை குடும்பத்தில் ஒருவருக்குத்தான். அக்கா வாங்கிவிட்டால் தம்பிக்குக் கிடையாது.

இன்னொரு சேதாரம் விருப்பப் பட்டியலில் நடக்கிறது. கிடைக்காது என்று நினைக்கும் கல்லூரியை மேலே எழுதினால் மற்றதும் போய்விடும் என்ற பயம் கிராமத்துப் பெற்றோரிடம் நிறைய உண்டு. கணினி ரேங்க் வரிசையில் ஒவ்வொரு மாணவரையும் எடுத்து, அவருடைய விருப்பங்களை மேலிருந்து கீழாகப் பார்க்கிறது. ஒன்று கிடைக்காவிட்டால் அடுத்ததற்குப் போகிறதே தவிரத் தண்டிப்பதில்லை. ஆகவே ஆசைப்படும் வரிசையிலேயே எழுத வேண்டும், நிறைய எழுத வேண்டும். ஐந்தாறு கல்லூரியோடு நிறுத்தியவர்கள்தான் நல்ல ரேங்க் இருந்தும் அடுத்த சுற்றுக்குப் போய் நிற்கிறார்கள்.

பெற்றோர் தாங்களே சரிபார்க்க ஒரு வழியும் இருக்கிறது. ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் வரும் ஒதுக்கீட்டுப் பட்டியலில் ரேங்க், மாணவரின் பிரிவு, எந்தப் பிரிவு இடம் தரப்பட்டது என்ற மூன்று கட்டங்களைப் பாருங்கள். உங்கள் பிள்ளைக்குக் கிடைத்த அதே கல்லூரி, அதே பாடப்பிரிவில், உங்களுக்குக் கீழ் ரேங்கில் உள்ள ஒருவர் பொதுப் போட்டி இடத்தில் இருந்து, உங்கள் பிள்ளைக்குப் பி.சி. இடம் என்று எழுதியிருந்தால் கேள்வி கேட்க வேண்டும். அடுத்தடுத்த சுற்றுகளில் இது நேர வாய்ப்புண்டு. மேல் ரேங்க் மாணவர் ஒருவர் வேறு கல்லூரிக்கு நகர்ந்து பொதுப் போட்டி இடம் காலியாகும்போது, அதை ஏற்கெனவே அங்கே பி.சி. இடத்தில் இருப்பவருக்கு மாற்றிக் கொடுத்து, அவர் விட்ட பி.சி. இடத்தை அடுத்த பி.சி. மாணவருக்குத் தர வேண்டும். பிள்ளை உட்காரும் நாற்காலி மாறாது, கணக்கு மட்டும் மாறும். அந்த மாற்றத்தைச் செய்யாமல் காலியிடத்தை நேராக அடுத்த ரேங்குக்குக் கொடுத்தால், ஒவ்வொரு தடவையும் ஒதுக்கீட்டில் ஓர் இடம் சத்தமில்லாமல் கரையும்.

ஆகவே சேர்க்கையை நடத்தும் துறைகளை உங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்வது இவைதான். ஒவ்வொரு பாடப்பிரிவும் ரோஸ்டரின் எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிவரை போனது என்பதைக் கலை, அறிவியல் கல்லூரிகள் உட்பட எல்லாரும் அறிவிப்புப் பலகையிலும் இணையத்திலும் போட வேண்டும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் பொதுப் போட்டிக்கு மாற்றப்பட்ட இடங்களின் எண்ணிக்கையைத் தனியாக வெளியிட வேண்டும். மேனேஜ்மென்ட் கோட்டாவின் கடைசி மதிப்பெண்ணையும் கலந்தாய்வுக் கட்-ஆஃபுடன் ஒரே அட்டவணையில் தர வேண்டும். சேர்ந்தவர்களை மட்டும் எண்ணாமல், பிரிவு வாரியாகவும் பள்ளி வாரியாகவும் எத்தனை பேர் அரியர் இல்லாமல் நான்காம் ஆண்டை முடித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்; ஒதுக்கீட்டில் வந்தவர்கள் படிக்கத் திணறுகிறார்கள் என்பவர்களுக்கும், இல்லை என்பவர்களுக்கும் அப்போதுதான் பேச ஒரு தரவு கிடைக்கும். இவை எதற்கும் சட்டத் திருத்தம் தேவையில்லை. மென்பொருளில் சில கூடுதல் பத்திகளும் ஓர் அரசாணையும் போதும். வரும் ஆண்டு விண்ணப்பப் பதிவு தொடங்குவதற்கு முன்பே செய்துவிடலாம்.

இப்படிக்கு,
பிளஸ் 2 மாணவர்களுக்குக் கலந்தாய்வு வழிகாட்டும் ஆசிரியர்கள் சிலர்